லொறிக்குப் போகும் கூரை

பெரகல சந்தியில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஹப்புத்தளைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிகள் அங்கே வழி பிரிகின்றன. சில ஹல்துமுல்ல, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. வேறு சில கொஸ்லந்தை வழியாக வெல்லவாயப் பக்கம் போகின்றன. பெரும்பாலான லொறிகளின் முதுகில் ஒரு படங்கு. சிலவற்றில் அது ஒழுங்காக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒரு மூலை அவிழ்ந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே போகும். அந்த ஓசையை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஒரு குடும்பத்தின் கூரை கிழியும் ஓசையாகவும் இருக்கலாம் என்பதைச் சிந்திக்கவே இக்கட்டுரை.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மண்சரிவு அபாயம் காரணமாக லயத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். இரண்டு தறப்பாள்களில் அவர்களுடைய குடியிருப்பு: ஒன்று கூரை, மற்றது சுவர். பழைய இடத்துக்கு அருகில் கைவிடாமல் வைத்திருந்த சிறு துண்டு நிலத்தில் போஞ்சி பயிரிட்டிருந்தார்கள். அறுவடை நாளில் லொறி வந்தது, ஆனால் அதில் படங்கு இல்லை. “மூட ஏதாவது இருந்தா தாங்க, நாளைக்கே கொண்டு வந்துர்றேன்” என்றார் சாரதி. மழை இல்லாத நாள்தானே என்று கூரையைக் கழற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் மாலை தறப்பாள் திரும்பி வந்தது. நடுவில் இரண்டு முழ நீளத்துக்குக் கிழிசல். அன்றிரவே மழை. போஞ்சி நனையவில்லை, பிள்ளைகளும் அவர்களுடைய பாடசாலைக் கொப்பிகளும் நனைந்தன. “ஒரு ராத்திரிதானேன்னு குடுத்தோம் பாதர்” என்று அந்தத் தாய் சொன்னதை மறக்க முடியவில்லை.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? சாரதி வேண்டுமென்று கிழிக்கவில்லை. குடும்பமும் அசட்டையாக இருக்கவில்லை. போஞ்சி நனைந்து போனால் சந்தையில் விலை விழும். விலை விழுந்தால் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் நிற்கும். ஆகவே அவர்கள் கூரையைப் பணயம் வைத்தார்கள். இப்படிப் பணயம் வைக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதே எமது கேள்வியாக இருக்க வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல

பேச்சில் நாம் படங்கு, தறப்பாள், தார்ப்பாய், சீட் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஆனால் பொருள்கள் வேறு. நிவாரணமாகக் கிடைக்கும் தறப்பாள் பொலித்தீன் நூலால் நெய்து, இருபுறமும் பொலித்தீன் பூசியது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் வழங்குவது வழக்கமாக 4 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமும் உடையது. அதன் முழு நிறை ஏறக்குறைய 5 கிலோதான். அசையாமல் விரித்துக் கட்டினால் மழையை நன்றாகத் தாங்கும். உரசலைத் தாங்காது. வெயில் அதற்கு இன்னொரு எதிரி. ஏற்கனவே பல மாதம் வெயிலில் கிடந்த தறப்பாள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அதன் நூல் நொறுங்கத் தொடங்கியிருக்கும்.

லொறிக்கென்று செய்யப்படும் படங்கு தடித்த பருத்திக் கன்வஸாக இருக்கும், அல்லது பீ.வி.சி. பூசிய துணியாக இருக்கும். பீ.வி.சி. படங்குகள் பல, சதுர மீற்றருக்கு 500 கிராமுக்கும் கூடிய நிறையுள்ளவை. நிவாரணத் தறப்பாளோ 200 கிராம் அளவுதான். மெல்லிய சேலையையும் சணல் சாக்கையும் ஒரே வேலைக்கு வைப்போமா?

ஆகவே எனது முதலாவது கருத்து இது: வீட்டுக் கூரையாக இருக்கும் தறப்பாளை லொறிக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கும் கூடாது, தெரிந்தவர் கேட்டாலும் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு, ஒரு நல்ல தறப்பாளின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

காற்றும் உரசலும்

லொறியில் படங்கு ஏன் கிழிகிறது என்று கேட்டால் “காற்று” என்று ஒரே சொல்லில் பதில் வரும். அது பாதி உண்மை. காற்றின் தள்ளுவிசை வேகத்தோடு சேர்ந்து கூடுவதல்ல, வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறக்குறைய 4 கிலோ பாரம் அழுத்துவது போலென்றால், 60 கிலோமீற்றரில் அது 17 கிலோவாகிறது. ஹப்புத்தளைக் கணவாயில் தென்மேல் பருவக் காற்று எதிரே வீசும் மாதங்களில் லொறி மெதுவாகப் போனாலும் படங்குக்கு அது வேகந்தான்.

மீதிப் பாதி உரசல். இறுக்கமாக இல்லாத படங்கு ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு குழியிலும் சிறிது அசைகிறது. அந்த இடத்தில் ஒரு பலகையின் முனையோ, ஆணித் தலையோ, பிளாஸ்டிக் கூடையின் மூலையோ இருந்தால், கொழும்பு போய்ச் சேருவதற்குள் அது அரம் போல் அறுத்துவிடும். 2011 இறுதியில் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளில்தான் கொண்டு செல்ல வேண்டும் என்று அரசு விதித்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மரக்கறி நசுங்காமல் போக கூடை நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் சாக்கு மூட்டைக்கு மூலை இல்லை, கூடைக்கு மூலை உண்டு. இதை நினைவில் வைத்துக் கட்ட வேண்டும்.

படங்கைக் காக்கும் வழிகள்

பின்வரும் வழிகளில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. லொறி ஏற்றி இறக்கி அனுபவப்பட்டவர்கள் அறிந்தவைதான். அவசரத்தில் நாம் கைவிட்டவை.

முதலாவது, ஏற்றும் முன் லொறியின் தட்டையும் பக்கப் பலகைகளையும் கையால் தடவிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, உடைந்த தகடு, கம்பி முனை எதுவாயினும் அடித்து மடக்குங்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, சுமையை நடுவில் உயர்த்தி, இரு பக்கமும் சரிவாக அடுக்குங்கள். மேல்பரப்பு தட்டையாகவோ குழியாகவோ இருந்தால் மழைநீர் தேங்கும். ஒரு முழ அகலமும் ஒரு முழ நீளமும் ஒரு சாண் ஆழமும் உள்ள குழியில் ஏறக்குறைய 40 லீற்றர் தண்ணீர் நிற்கும். அது 40 கிலோ பாரம். படங்கு கிழிய இது போதும்.

மூன்றாவது, மூலைகளுக்கு மெத்தை வையுங்கள். பழைய உரப்பை, கிழிந்த சணல் சாக்கு, வெட்டிய டயர் டியூப், நீளவாக்கில் பிளந்த தண்ணீர்க் குழாய் எல்லாம் உதவும். கூடையின் மூலைக்கும் படங்குக்கும் நடுவே ஒன்று, படங்குக்கும் கயிற்றுக்கும் நடுவே இன்னொன்று. நைலோன் கயிறும் அசைந்தால் வாள் போல அறுக்கும் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

நான்காவது, இரண்டு படங்குகள் போடுவதானால் பின்பக்கத்துப் படங்கை முதலில் விரியுங்கள். முன்பக்கத்துப் படங்கு அதன் மேல் ஏறி வர வேண்டும். கூரைத் தகடு ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது போலத்தான். மாற்றி விரித்தால் எதிர்காற்று இடுக்கில் நுழைந்து படங்கைப் பலூன் போல ஊதிவிடும். முன்பக்க மடிப்புகளின் வாயும் பின்னோக்கியே இருக்க வேண்டும்.

ஐந்தாவது, ஓரத்திலுள்ள உலோகக் கண் ஒன்றை மட்டும் நம்பி முழுப் பாரத்தையும் இழுக்காதீர்கள். கண்கள் படங்கு விலகாமல் பிடித்துக்கொள்வதற்கு. சுமையை அழுத்திப் பிடிக்கும் வேலையைப் படங்கின் மேலாகக் குறுக்கே போகும் கயிறுகள் செய்ய வேண்டும். கண் பிய்ந்து போயிருந்தால் அந்த இடத்தில் துளை போட வேண்டாம். கூர்மையில்லாத உருண்டைக் கல்லொன்றைப் படங்கின் உட்பக்கம் வைத்து, துணியோடு சேர்த்துப் பிடித்து, கல்லுக்குக் கீழே கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டுங்கள். இழுவிசை கல்லைச் சுற்றிப் பரவும், துணி கிழியாது. வீட்டுத் தறப்பாளைக் கட்டவும் இதே முறை நல்லது.

ஆறாவது, தொங்கும் நுனிகளை விடாதீர்கள். அவிழ்ந்த நுனி சில்லில் சுற்றும், புகைக் குழாயில் பட்டு உருகும். பின்விளக்கையும் இலக்கத் தகட்டையும் மறைத்தால் பின்னால் வருபவருக்கு ஆபத்து. பெரகலயிலிருந்து இறங்கும் வழியில் மூடுபனி எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஏழாவது, வழியில் ஒரு முறை நிறுத்துங்கள். எந்தச் சுமையும் சிறிது தூரம் போனதும் அமர்ந்து, கயிறு தளரும். பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ ஏற்றிய லொறிக்குப் பெரகல சந்தி பொருத்தமான இடம். அங்கிருந்து இறக்கம். இறக்கத்தில் சுமை முன்னோக்கித் தள்ளும், பின்கயிறு இன்னும் தளரும். சாரதி தேநீர் குடிக்கும் நேரத்தில் உதவியாள் லொறியை ஒரு சுற்றுச் சுற்றி, கயிறுகளை இழுத்துப் பார்த்தால் போதும்.

மரக்கறிக்கு ஒரு வார்த்தை. பறித்த பின்னும் போஞ்சியும் லீக்ஸும் கோவாவும் மூச்சு விடுகின்றன, வெப்பம் வெளியிடுகின்றன. காற்றே புகாமல் சுற்றிக் கட்டினால் மழையிலிருந்து தப்பிய மரக்கறி புழுக்கத்தில் அழுகும். முன்பக்கத்தையும் பக்கங்களையும் இறுக்கி, பின்பக்கம் மேலே சிறிது வாய் விடுங்கள்.

வந்த பிறகு

சந்தையில் இறக்கியதும் ஈரப் படங்கைச் சுருட்டி மூலையில் எறிவது வழக்கமாகி விட்டது. பருத்திக் கன்வஸை ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும், நூல் உளுத்துப் போகும். விரித்து உலர்த்தி, மண்ணையும் இலைக் குப்பையையும் தட்டி, நிழலில் வையுங்கள். இலைக் குப்பையும் தானியமும் ஒட்டியிருந்தால் எலி வரும். எலி படங்கையும் சேர்த்துக் கடிக்கும். தரையில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், சப்பாத்துக் காலோடு மேலே ஏறாதீர்கள். உரமும் சுண்ணாம்பும் ஏற்றிய படங்கைக் கழுவாமல் மரக்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

சிறு துளையை அன்றே அடையுங்கள். கன்வஸுக்கு வேறு கன்வஸ் துண்டு வைத்து இருமடிப்பாகத் தைத்து, தையலின் மேல் மெழுகு தேய்க்கலாம். பொலித்தீன் தறப்பாளில் சாதாரண பசை ஒட்டாது. கழுவி நன்றாக உலர்த்தி, இருபுறமும் பலமான ஒட்டு நாடா போடலாம், அல்லது வேறு தறப்பாள் துண்டை வைத்து நைலோன் நூலால் தைக்கலாம். தைக்கும் துண்டு கிழிசலைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலம் கூடுதலாக இருக்கட்டும்.

கூட்டாக ஒரு படங்கு

இவ்வளவும் சொன்ன பிறகு நீங்கள் கேட்பீர்கள்: “கூரையைக் கொடுக்காதே என்கிறீர்கள். லொறியில் படங்கில்லை. அப்படியானால் போஞ்சியை மழையில் அனுப்புவதா?” நியாயமான கேள்வி. மாற்று வழி காட்டாத அறிவுரை வெறும் பேச்சுத்தான்.

முதற்கண், படங்கு கொண்டு வர வேண்டியவர் வாடகை வாங்கும் லொறிக்காரர். இதை நாம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். வாடகை பேசும்போதே, “படங்கு உங்களுடையதா, கயிறு உங்களுடையதா, கிழிந்தால் யார் பொறுப்பு?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். தனியொருவர் கேட்டால் வேறு லொறி பார்த்துக்கொள் என்று சொல்லக் கூடும். பத்துக் குடும்பங்கள் ஒரே குரலில் கேட்டால் அப்படிச் சொல்ல யோசிப்பார்.

அடுத்து, ஒரே இடத்திலிருந்து சுமை அனுப்பும் குடும்பங்கள் கூட்டாக ஒரு நல்ல லொறிப் படங்கு வாங்கலாம். ஒரு குடும்பத்துக்கு அது பெரும் செலவு. எட்டுப் பத்துக் குடும்பங்கள் பங்கிட்டால் தாங்கக் கூடியது. மரண உதவிச் சங்கம், சிறுசேமிப்புக் குழு, கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம் என்று எங்களிடையே சங்கங்களுக்குக் குறைவில்லை. ஒரு கொப்பி வையுங்கள். எடுத்தவர் பெயர், திகதி, எடுத்தபோது இருந்த நிலை, திரும்பியபோது இருந்த நிலை ஆகிய நான்கையும் எழுதினால் போதும். எடுப்பவர் சிறு தொகை கொடுக்கட்டும், அது திருத்தச் செலவுக்கும் அடுத்த படங்குக்கும் சேரட்டும். உலர்த்தித் திருப்பிக் கொடுப்பது கட்டாய விதியாக இருக்கட்டும். கொப்பியைப் பெண்களிடம் ஒப்படைத்தால் நல்லது என்பது எனது அபிப்பிராயம். கூரை ஒழுகும்போது இரவு முழுவதும் பாத்திரம் மாற்றி மாற்றி வைப்பவர்கள் அவர்கள்தானே?

“பொதுப் பொருளை யாரும் கவனிக்க மாட்டார்கள்” என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படிப் பாழான பொதுப் பொருள்களைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அவற்றுக்குக் கொப்பி இருக்கவில்லை. பொறுப்பாளர் பெயரும் இருக்கவில்லை. யாருடையது என்று தெரியாத பொருள்தான் பாழாகிறது. பத்துப் பேருடையது என்று எழுதி வைத்த பொருளுக்குப் பத்துக் காவலர் உண்டு.

காத்தல் என்பது பொறுத்துக்கொள்வதல்ல

முடிவாக ஒன்று. தறப்பாளைக் கவனமாக வைத்திருங்கள் என்று சொல்லும்போது, தறப்பாளுக்குக் கீழேயே இருங்கள் என்று சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பகுதியில் நிரந்தர வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். அதுவரை தற்காலிக இடத்தில் அவர்கள் காத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளைக்கு இரண்டு வகுப்புகள். ஒரு விவசாயிக்குப் பல போகங்கள். தற்காலிகம் என்ற சொல் எவ்வளவு நீளும் என்பதை எங்கள் மலைகள் நன்றாக அறியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டி விவசாயம் செய்தவர்களும், பின்னர் போரில் அங்கிருந்தும் பெயர்ந்து, படங்கு போர்த்திய உழவு இயந்திரப் பெட்டியில் சட்டி பானையோடு போனவர்களும் அதை இன்னும் நன்றாக அறிவார்கள்.

ஆகவே தறப்பாளைக் காப்பதோடு, நிலத்துக்கும் நிரந்தர வீட்டுக்குமான மனுவையும் கைவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் கொடுத்த கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். யார் பெற்றுக்கொண்டார், எந்தத் திகதி என்று எழுதி வையுங்கள். படங்குக்கு வைக்கும் அந்தக் கொப்பியின் பின்பக்கத்திலேயே எழுதலாம்.

அடுத்த அறுவடைக்கு லொறி வந்து நிற்கும்போது, “மூட ஏதாவது இருக்கா?” என்று சாரதி கேட்பார். அப்போது யாரும் தம் கூரையை நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவை இருக்கக் கூடாது. “இருக்கு, சங்கத்துப் படங்கு இருக்கு. மூலைக்குச் சாக்கு வச்சுக் கட்டுங்க, உலர்த்தித் திருப்பிக் குடுங்க” என்று சொல்லும் நிலையை இந்தப் போகத்திலேயே உண்டாக்குவோம். எட்டுக் குடும்பங்கள் ஓர் ஞாயிறு மாலை கூடிப் பேசினால், அதைத் தொடங்கிவிடலாம்.